டிஸ்னி, பிக்ஸார், ட்ரீம்வொர்க்ஸ்: யாருக்கு யார் போட்டி, யாருக்கு யார் கூட்டாளி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிக்ஸார் டிஸ்னியுடைய கம்பெனிதானே? அப்புறம் இரண்டுக்கும் என்ன சண்டை?

இன்றைக்கு டிஸ்னியுடையதுதான், 2006 முதல். அதற்கு முந்தைய பதினைந்து வருடம் இரண்டும் தனித்தனி நிறுவனங்கள். பிக்ஸார் அனிமேஷன் படம் எடுக்கும், டிஸ்னி பணம் போட்டு உலகம் முழுக்க வெளியிடும். அந்தப் பதினைந்து வருடத்தில் இவர்கள் மல்லுக்கட்டியதெல்லாம் பெரும்பாலும் ஒரே விஷயத்துக்காக: படம் ஓடி முடிந்த பிறகு அந்தப் பாத்திரங்கள் யாருக்குச் சொந்தம், இரண்டாம் பாகம் எடுக்கும் உரிமை யார் கையில். வசூலில் எவ்வளவு பங்கு, போஸ்டரில் யார் பெயர் பெரிசு என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான். கீழே உள்ள பதில்களில் பாதி சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நிற்கும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

இவர்கள் முதலில் எப்படிச் சேர்ந்தார்கள்?

கடைக்காரரும் வாடிக்கையாளருமாக. பிக்ஸார் ஆரம்பத்தில் படக் கம்பெனியே கிடையாது. ஜார்ஜ் லூகாஸின் லூகாஸ்ஃபிலிமில் 1979ல் எட் கேட்மல் வந்து சேர்ந்து வளர்த்த கணினிப் பிரிவிலிருந்து பிரிந்த ஒரு குழு அது. 1986ல் ஸ்டீவ் ஜாப்ஸ் வாங்கினார்: லூகாஸ்ஃபிலிமுக்கு 50 லட்சம் டாலர், கம்பெனிக்கு முதலாக இன்னொரு 50 லட்சம். அப்போது அவர்கள் விற்றது பிக்ஸார் இமேஜ் கம்ப்யூட்டர் என்ற விலை உயர்ந்த இயந்திரம். அது பெரிதாக விற்கவில்லை. வாங்கிய சிலரில் முக்கியமானவர் டிஸ்னி. கையால் வரைந்த படங்களுக்குக் கணினியில் வண்ணம் தீட்டி அடுக்குகளைச் சேர்க்கும் 'கேப்ஸ்' என்ற அமைப்பை இரண்டு தரப்பும் சேர்ந்து உருவாக்கின. 1990ல் வந்த 'தி ரெஸ்க்யூயர்ஸ் டவுன் அண்டர்' முழுக்க அதில் முடித்த முதல் படம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஜான் லாசெட்டர் டிஸ்னியில் அனிமேட்டராக இருந்தவர். கணினி, கணினி என்று மேலிடத்தை நச்சரித்து வேலையை இழந்தவர். அவர்தான் லூகாஸ்ஃபிலிம் வழியாக பிக்ஸாருக்கு வந்து 1988ல் 'டின் டாய்' குறும்படத்தை எடுத்தார், அது ஆஸ்கர் வாங்கியது. டிஸ்னி அவரைத் திரும்ப அழைத்துப் பார்த்தது, அவர் போகவில்லை. ஆள் வராததால் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டார்கள்.

1991 ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தது?

மூன்று முழுநீளப் படங்கள். மொத்த மதிப்பு 2.6 கோடி டாலர் என்று அப்போது செய்தி வந்தது. பணம் டிஸ்னியுடையது, விளம்பரமும் வெளியீடும் டிஸ்னி; படமும் பாத்திரங்களும்கூட டிஸ்னிக்கே சொந்தம். பிக்ஸாருக்கு வருமானத்தில் ஒரு சிறு பங்கு. குடுமி முழுக்க டிஸ்னி கையில்.

ஏன் இதற்குச் சம்மதித்தார்கள் என்று கேட்டால், வேறு வழி இல்லை. அதுவரை ஜாப்ஸ் தன் சொந்தப் பணத்தில் ஏறக்குறைய 5 கோடி டாலர் கொட்டியிருந்தார், திரும்ப வந்தது ஒன்றுமில்லை. ஒரே ஒரு இடத்தில் மட்டும் அவர் அசையவில்லை: முப்பரிமாண அனிமேஷன் செய்யும் தொழில்நுட்பத்தின் உரிமையை டிஸ்னி கேட்டபோது தரவில்லை. பாத்திரங்களைக் கொடுத்துவிட்டு கருவியை வைத்துக்கொண்டார்கள். எது அதிக மதிப்புள்ளது என்று இரண்டு பக்கத்துக்கும் அன்றைக்குத் தெரிந்திருக்காது.

ஒரே படத்தில் நிலைமை எப்படித் தலைகீழானது?

'டாய் ஸ்டோரி' 1995 நவம்பர் 22ல் வந்தது. சரியாக ஒரு வாரத்தில், நவம்பர் 29ல், பிக்ஸார் பங்குச் சந்தைக்குப் போனது. பங்கு விலை 22 டாலர் என்று வைத்தார்கள். அன்று மாலை சந்தை மூடும்போது 39. கம்பெனிக்கு வந்த பணம் சுமார் 14 கோடி டாலர்.

இதை வெறும் கொண்டாட்டமாகப் பார்த்தால் விஷயம் பிடிபடாது. படம் ஓடும் சூட்டில் பங்கு வெளியிட்டதன் நோக்கமே டிஸ்னியிடம் போய் 'இனி பாதிச் செலவு நாங்கள் போடுகிறோம், பாதி லாபம் கொடுங்கள்' என்று கேட்பதற்கான பணத்தைத் திரட்டுவதுதான். மூன்று படம் முடியும்வரை டிஸ்னி பொறுமையாக இருந்திருக்கலாம், சட்டப்படி அவசியம் எதுவும் இல்லை. ஆனால் அடுத்து இவர்கள் வேறு ஸ்டுடியோவுக்குப் போய்விட்டால்? 1997 பிப்ரவரியில் புது ஒப்பந்தம் கையெழுத்தானது: ஐந்து படங்கள், செலவிலும் லாபத்திலும் சரிபாதி, பிக்ஸார் பெயரும் டிஸ்னி பெயரும் ஒரே அளவில். விநியோகக் கட்டணத்தை மட்டும் டிஸ்னி முதலில் எடுத்துக்கொள்ளும். கூடவே பிக்ஸாரின் 10 லட்சம் பங்குகளை டிஸ்னி, ஒன்று 15 டாலருக்கு, வாங்கிக்கொண்டது.

அப்படியானால் பிரச்சினை தீர்ந்ததுதானே?

இல்லை. ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது: தொடர் படங்கள் அந்த ஐந்தின் கணக்கில் சேராது.

'டாய் ஸ்டோரி 2' முதலில் நேரடியாக வீட்டு வீடியோவுக்கு என்று தொடங்கிய சின்னப் படம். பிறகு திரையரங்குக்கு மாற்றினார்கள், பிறகு கதையே சரியில்லை என்று கடைசி ஒன்பது மாதத்தில் பெரும்பகுதியைத் திருப்பி எடுத்தார்கள், மணிக்கட்டு வலியோடு ஆட்கள் இரவு பகலாக உட்கார்ந்தார்கள். 1999ல் வந்து உலக அளவில் 48 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. இப்படி ஒரு முழுப் படத்தை எடுத்துக் கொடுத்திருக்கிறோம், ஐந்தில் ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள் என்று பிக்ஸார் கேட்டது. டிஸ்னியின் தலைவர் மைக்கேல் ஐஸ்னர் மறுத்தார். எழுதியது எழுதியதுதான், அது தொடர் படம்.

ஐஸ்னர் சொன்னது சட்டப்படி சரி. ஆனால் கணக்கைப் பாருங்கள். லாபத்தில் பாதி பிக்ஸாருக்கு வந்தது, அதில் குறையில்லை. ஸ்டுடியோவின் நல்ல ஆட்களின் மூன்று வருடமும் போனது, ஒப்பந்தத்திலிருந்து விடுபடும் நாளும் தள்ளிப்போனது. எத்தனை தொடர் படம் எடுக்கிறார்களோ அத்தனை தூரம் விடுதலை தள்ளிப்போகும். எடுக்க மாட்டோம் என்றால் டிஸ்னியே வேறு ஆளை வைத்து எடுத்துக்கொள்ளலாம். வளர்த்தவர் மறுத்தாலும் பிள்ளையை வேறு வீட்டுக்கு அனுப்பலாம் என்று எழுதி வைத்த பத்திரம் அது. பின்னால் நடந்த பெரிய முறிவுக்கு விதை இங்கேதான் விழுந்தது என்பது என் எண்ணம்.

ஒரே வருடத்தில் இரண்டு எறும்புப் படம் வந்ததே, கதையைத் திருடினார்களா?

டிஸ்னியின் போட்டி ஸ்டுடியோவான ட்ரீம்வொர்க்ஸின் 'ஆன்ட்ஸ்' 1998 அக்டோபரில், பிக்ஸாரின் 'எ பக்ஸ் லைஃப்' அதே வருடம் நவம்பரில். ட்ரீம்வொர்க்ஸின் ஜெஃப்ரி காட்ஸன்பெர்க் அதற்கு முன் டிஸ்னி ஸ்டுடியோவின் தலைவர்; 'டாய் ஸ்டோரி' ஒப்பந்தத்தைப் பேசி முடித்தவரே அவர்தான். அவரை நண்பராக நினைத்து எங்கள் பூச்சிக் கதையைச் சொன்னோம், போய் அதையே எடுத்துவிட்டார் என்பது பிக்ஸார் தரப்பு. எங்களுக்கு யோசனை வேறு இடத்திலிருந்து வந்தது என்பது அவர் தரப்பு. கொத்தடிமை எறும்பு கலகம் செய்கிற கதை யாருக்கும் தோன்றக்கூடியதுதான்.

கதையைவிட நாள்காட்டிதான் அதிகம் பேசுகிறது. ட்ரீம்வொர்க்ஸின் கையால் வரைந்த பெரிய படமான 'தி பிரின்ஸ் ஆஃப் ஈஜிப்ட்' 1998 நவம்பருக்குத் திட்டமிடப்பட்டிருந்தது. டிஸ்னி பிக்ஸாரின் பூச்சிப் படத்தைக் கொண்டுவந்து அதே நேரத்தில் வைத்தது. உடனே ட்ரீம்வொர்க்ஸ் தன் ஈஜிப்ட் படத்தை டிசம்பருக்குத் தள்ளி, 1999 மார்ச்சில் வரவேண்டிய எறும்புப் படத்தை அக்டோபருக்கு இழுத்தது. நடுவில் மாட்டிக்கொண்டது பிக்ஸார். அது யாரோடும் சண்டைக்குப் போகவில்லை, டிஸ்னிக்கும் காட்ஸன்பெர்க்குக்கும் இருந்த பழைய கணக்குக்கு அதன் படம் காயானது. முடிவில் 'ஆன்ட்ஸ்' சுமார் 17 கோடி டாலர், 'எ பக்ஸ் லைஃப்' சுமார் 36 கோடி.

அந்தப் பழைய கணக்கு என்ன?

1994 ஏப்ரலில் டிஸ்னியின் இரண்டாம் இடத்தில் இருந்த ஃபிராங்க் வெல்ஸ் ஹெலிகாப்டர் விபத்தில் இறந்தார். அந்த இடத்தைக் காட்ஸன்பெர்க் எதிர்பார்த்தார், ஐஸ்னர் கொடுக்கவில்லை. வெளியே வந்தவர் அதே வருடம் அக்டோபரில் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க், டேவிட் கெஃபன் இருவரோடு ட்ரீம்வொர்க்ஸைத் தொடங்கினார், தனக்கு வரவேண்டிய பங்கைக் கேட்டு டிஸ்னி மேல் வழக்கும் போட்டார். 1999ல் சமரசம். தொகையை அறிவிக்கவில்லை, 25 கோடி டாலருக்கு மேல் என்று பத்திரிகைகள் எழுதின. 2001ல் அவருடைய 'ஷ்ரெக்', தேவதைக் கதைகளையும் தீம் பார்க்கையும் ஒரு பிடி பிடித்தது. சிறந்த அனிமேஷன் படத்துக்கு என்று புதிதாக வந்த ஆஸ்கரை, பிக்ஸாரின் 'மான்ஸ்டர்ஸ் இன்க்' படத்தைத் தாண்டி, முதல் ஆளாக அதுதான் வாங்கியது.

இவ்வளவு பகை என்றால், ஒருவர் ஆளை இன்னொருவர் இழுத்துக்கொண்டே இருந்திருப்பார்களே?

எல்லோரும் அப்படித்தான் நினைப்பார்கள். தொண்ணூறுகளின் நடுவில் அது நடக்கவும் செய்தது. ட்ரீம்வொர்க்ஸ் ஆள் சேர்க்கத் தொடங்கியதும் அனிமேட்டர்களின் சம்பளம் மளமளவென ஏறியது. அப்போது வேலையில் இருந்தவர்களுக்கு அது பொற்காலம்.

ஆனால் இன்னொரு பக்கமும் இருந்தது. 'உன் ஆளை நான் கூப்பிட மாட்டேன், என் ஆளை நீ கூப்பிடாதே' என்ற மாதிரி ஸ்டுடியோக்களுக்குள் சத்தமில்லாத ஏற்பாடுகள். பிக்ஸாருக்கும் லூகாஸ்ஃபிலிமுக்கும் நடுவே இருந்த ஏற்பாட்டை அமெரிக்க நீதித் துறை 2010ல் கையில் எடுத்தது. அதே வருடம் பிக்ஸார் உட்பட ஆறு நிறுவனங்கள் இனி அப்படிச் செய்ய மாட்டோம் என்று சமரசத்துக்கு வந்தன; மற்ற ஐந்தில் ஆப்பிளும் கூகுளும் உண்டு. 2014ல் அனிமேஷன் ஊழியர்களே கூட்டாக வழக்குப் போட்டார்கள். பிக்ஸார், லூகாஸ்ஃபிலிம், டிஸ்னி, ட்ரீம்வொர்க்ஸ், சோனி, ப்ளூ ஸ்கை என்று எதிர்த்தரப்பில் நின்ற பெயர்களைப் பார்த்தால் அந்தத் தொழிலே வரிசையில் நிற்பது போல இருக்கும். டிஸ்னி, பிக்ஸார், லூகாஸ்ஃபிலிம் சேர்த்து 10 கோடி டாலர், ட்ரீம்வொர்க்ஸ் 5 கோடி, மற்ற இரண்டும் சேர்த்து இன்னும் சுமார் 1.9 கோடி கொடுத்து முடித்துக்கொண்டார்கள், தவறு செய்ததாக ஒப்புக்கொள்ளாமல்.

எறும்புப் படத்துக்காக மேடையிலும் பேட்டியிலும் அடித்துக்கொண்ட தொழில் இது. சம்பளம் என்று வந்ததும் எவ்வளவு ஒற்றுமை பாருங்கள்.

டிஸ்னியும் பிக்ஸாரும் 2004ல் ஏன் பிரிந்தார்கள்?

2002 ஆகஸ்டில் ஐஸ்னர் தன் இயக்குநர் குழுவுக்கு எழுதினார்: அடுத்த பிக்ஸார் படத்தின் ஆரம்ப வடிவத்தைப் பார்த்தேன், முந்தையவை அளவுக்கு இல்லை, இனி அவர்களுக்கு யதார்த்தம் புரியும் என்ற பொருளில். படம் சரிந்தால் பேரத்தில் டிஸ்னி கை ஓங்கும் என்பது கணக்கு. கடிதம் வெளியே கசிந்தது. அந்தப் படம் 'ஃபைண்டிங் நீமோ'. உலக வசூல் 80 கோடி டாலரைத் தாண்டியது. இதற்கிடையே டிஸ்னி சொந்தமாக 14 கோடி போட்டு எடுத்த 'ட்ரெஷர் பிளானட்' உலகம் முழுக்க சுமார் 11 கோடிதான் வசூலித்து கையைக் கடித்தது.

இந்த நிலையில் ஜாப்ஸ் கேட்டது இதுதான்: இனி செலவு முழுக்க எங்களுடையது, படமும் பாத்திரமும் எங்களுக்கே சொந்தம், வெளியிட்டுத் தருவதற்கு உங்களுக்குக் கட்டணம் மட்டும். பழைய ஒப்பந்தத்தில் மீதியிருந்த இரண்டு படங்களுக்கும் விதியை மாற்றச் சொன்னார். டிஸ்னி சம்மதிக்கவில்லை. 2004 ஜனவரியில் ஜாப்ஸ் பேச்சுவார்த்தையை முறித்தார்.

டிஸ்னியின் பதிலடிதான் எனக்கு முக்கியம். 'சர்க்கிள் 7' என்று ஒரு ஸ்டுடியோவைத் தொடங்கி, பிக்ஸார் இல்லாமலே 'டாய் ஸ்டோரி 3' எடுக்க ஆள் வைத்தார்கள். உரிமை அவர்களிடம் இருந்ததே! 1991ல் பணமில்லாமல் போட்ட கையெழுத்து பதின்மூன்று வருடம் கழித்து இப்படி வந்து நின்றது.

பிறகு எப்படித் திடீரென்று வாங்கினார்கள்?

ஐஸ்னர் போனார். வால்ட் டிஸ்னியின் அண்ணன் மகன் ராய் டிஸ்னி 2003 நவம்பரில் இயக்குநர் குழுவை விட்டு விலகி அவருக்கு எதிராகப் பிரசாரம் செய்தார். 2004 மார்ச் பங்குதாரர் கூட்டத்தில் 43 சதவீத வாக்குகள் ஐஸ்னருக்கு ஆதரவு தர மறுத்தன. 2005 அக்டோபரில் பாப் ஐகர் தலைமை ஏற்றார். அதற்குச் சில வாரம் முன்பு ஹாங்காங் டிஸ்னிலேண்ட் திறப்பு விழா ஊர்வலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கடந்த பத்து வருடத்தில் உருவான பாத்திரங்களில் எல்லாமே பிக்ஸாருடையவை என்று உறைத்ததாக அவரே சொல்லியிருக்கிறார்.

2006 ஜனவரி 24ல் அறிவிப்பு: 740 கோடி டாலர், பணமாக இல்லை, பங்காக. ஒரு பிக்ஸார் பங்குக்கு 2.3 டிஸ்னி பங்கு. ஜாப்ஸ் சுமார் 7 சதவீதத்தோடு டிஸ்னியின் மிகப் பெரிய தனிநபர் பங்குதாரர் ஆனார். சர்க்கிள் 7 மூடப்பட்டது.

விலை அதிகம் என்று அப்போது முணுமுணுத்தவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. பிக்ஸாரின் கேட்மல், லாசெட்டர் இருவரையும் டிஸ்னியின் சொந்த அனிமேஷன் பிரிவுக்கும் பொறுப்பாக வைத்தார்கள். வாங்கியவன் தன் வீட்டுச் சாவியை விற்றவன் கையில் கொடுத்த கதை. அந்தப் பிரிவு 'டாங்கில்ட்', 'ஃப்ரோசன்' என்று எழுந்ததை வைத்துப் பார்த்தால் விலை சரிதான்.

இப்போது இரண்டும் ஒரே ஸ்டுடியோவா?

இல்லை. பிக்ஸார் எமரிவில்லில், டிஸ்னி அனிமேஷன் பர்பேங்கில். ஒருவர் நெருக்கடியில் மற்றவர் ஆள் அனுப்பி உதவக்கூடாது என்று கேட்மல் கறாராக வைத்திருந்தார். படத்தை உருவாக்கும் மென்பொருள்கூட வேறு: பிக்ஸாரில் ரெண்டர்மேன், டிஸ்னியில் ஹைபீரியன்.

ரெண்டர்மேனை பிக்ஸார் போட்டியாளர்களுக்கும் விற்கிறதாமே?

ஆமாம், எண்பதுகளின் இறுதியிலிருந்தே. 'ஜுராசிக் பார்க்' டைனோசர்களுக்குப் பின்னால் இருந்ததும் அதுதான். ட்ரீம்வொர்க்ஸ் 2012ல் மேகம், புகை போன்றவற்றைக் கையாளும் ஓப்பன்விடிபி மென்பொருளை இலவசமாகத் திறந்துவிட்டது. பிக்ஸார் 2016ல் காட்சிகளைப் பரிமாறும் யுஎஸ்டியை. 2023ல் ட்ரீம்வொர்க்ஸ் படத்தை உருவாக்கும் தன் மூன்ரே மென்பொருளையே. தாராளம் இல்லை இது. ஆட்கள் ஸ்டுடியோ மாறிக்கொண்டே இருக்கிறார்கள், ஒரு படத்தின் வேலை பல கம்பெனிகளுக்குப் பிரிந்து போகிறது, எல்லோரும் ஒரே கோப்பைத் திறக்க முடிந்தால் எல்லோருக்கும் செலவு குறையும்.

ஜப்பானின் ஜிப்லி ஸ்டுடியோவும் டிஸ்னியோடுதானே இருந்தது?

1996 முதல், விநியோகத்துக்கு மட்டும். ஒரு ஃபிரேம்கூட வெட்டக்கூடாது என்பது நிபந்தனை. பாத்திரங்களை விற்கவில்லை, அதனால் சண்டையும் பெரிதாக இல்லை.

ட்ரீம்வொர்க்ஸ் பிரிட்டனின் ஆர்ட்மன் அனிமேஷன் ஸ்டுடியோவோடு போட்ட ஒப்பந்தமும் 2007ல் ஒத்துப்போகாமல் முடிந்தது, ஆனால் வாலஸ், குரோமிட் என்ற புகழ்பெற்ற பாத்திரங்கள் ஆர்ட்மனுக்கே சொந்தம் என்பதால் அவர்கள் நிம்மதியாக சோனிக்குப் போனார்கள்.

பெரிய கம்பெனி வாங்கினால் சின்ன ஸ்டுடியோ பிழைக்கும் என்று எடுத்துக்கொள்ளலாமா?

பிக்ஸாரை வைத்து அப்படிச் சொல்லலாம், ப்ளூ ஸ்கையை வைத்துச் சொல்ல முடியாது. 'ஐஸ் ஏஜ்' எடுத்தவர்கள் அவர்கள். 2019ல் ஃபாக்ஸ் கம்பெனியை டிஸ்னி வாங்கியபோது கூடவே வந்தார்கள், 2021 ஏப்ரலில் மூடப்பட்டார்கள். சுமார் 450 பேருக்கு வேலை போனது. ஐஸ் ஏஜ் பாத்திரங்கள் டிஸ்னியிடமே இருக்கின்றன. ட்ரீம்வொர்க்ஸ் அனிமேஷன் பாரமவுண்ட், ஃபாக்ஸ் என்று 8 சதவீத விநியோகக் கட்டணத்துக்கு வீடு மாறி மாறி, 2016ல் 380 கோடி டாலருக்கு என்பிசியுனிவர்சலிடம் போனது. அங்கே ஏற்கெனவே இல்யூமினேஷன் இருந்தது. அதை நிறுவிய கிறிஸ் மெலடான்ட்ரி ஃபாக்ஸின் அனிமேஷன் பிரிவில் 'ஐஸ் ஏஜ்' காலத்தில் பொறுப்பில் இருந்தவர்.

இன்றைக்கு இதே மாதிரி ஒப்பந்தம் யாருக்கு யாரோடு?

சோனிக்கும் நெட்ஃப்ளிக்ஸுக்கும். 2025 ஜூனில் வந்த 'கேபாப் டீமன் ஹன்டர்ஸ்' படத்தை உருவாக்கியது சோனி பிக்சர்ஸ் அனிமேஷன். செலவை ஏற்று வெளியிட்டது நெட்ஃப்ளிக்ஸ். செலவுக்கு மேல் சோனிக்குக் கிடைத்தது சுமார் 2 கோடி டாலர் என்று செய்திகள் வந்தன. திரையரங்குகள் நொண்டிக்கொண்டிருந்த நேரத்தில் பேசிய ஏற்பாடு அது, அன்றைக்கு நியாயமான பேரமாகத்தான் தெரிந்திருக்கும். ஆகஸ்டுக்குள் அது நெட்ஃப்ளிக்ஸில் அதிகம் பார்க்கப்பட்ட படமாகிவிட்டது. கூட்டமாகச் சேர்ந்து பாடும் பதிப்பு என்று ஒரு வார இறுதிக்குத் திரையரங்கில் போட்டார்கள். அதை வெளியிட்டதும் சோனி இல்லை, நெட்ஃப்ளிக்ஸ்தான்.